முதல் முறை மரகதம் வாங்குகிறீர்களா? பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

அக்கா மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு மரகத மோதிரம் வாங்கிக் கொடுத்தேன். ஈரோட்டில் எங்கள் குடும்பம் வழக்கமாகப் போகும் கடைதான். "கொலம்பியா கல் சார், இதுக்கு மேல ஒண்ணும் கிடையாது" என்றார்கள். 2.10 காரட். தங்கத்தை விட்டுவிட்டு கல்லுக்கு மட்டும் 46,000 ரூபாய்.

எட்டு மாதம் கழித்து, மோதிரம் மங்கலாக இருக்கிறதே என்று அவள் வேறொரு நகைக்கடையில் சுத்தம் செய்யக் கொடுத்திருக்கிறாள். அதிர்வு இயந்திரத்தில் சில நிமிடம் போட்டு எடுத்தார்கள். கல் வெளிறிப்போய், உள்ளே வெள்ளை வெள்ளையாக விரிசல் தெரிய வெளியே வந்தது. "மாமா, நான் எதுவும் பண்ணலை" என்று போனில் அழுதாள். அந்த அழுகைதான் என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது.

பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினேன். கல் போலி இல்லை, இயற்கையான மரகதம்தான். ஆனால் உடல் முழுக்க விரிசல். அந்த விரிசல்களை நிறமேற்றிய எண்ணெய் ஊற்றி மறைத்திருந்தார்கள். கடைக்குப் போய்க் கேட்டபோது பில்லை எடுத்துக் காட்டினார்கள். அதில் எழுதியிருந்தது: "பச்சைக்கல் – 1". அவ்வளவுதான். மரகதம் என்றோ, எத்தனை காரட் என்றோ ஒரு சொல் இல்லை.

எந்த நாட்டுக் கல் என்று நாலு தடவை கேட்ட நான், கல்லுக்குள் என்ன ஊற்றியிருக்கிறது என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. அடுத்த கல்லை வாங்குவதற்கு முன் நாலு மாதம் அலைந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. எது மரகதம், எது இல்லை

மரகதம் என்பது பெரில் என்ற கனிமத்தின் பச்சை வகை. பெரிலியம், அலுமினியம் இரண்டும் சேர்ந்த சிலிக்கேட். அதற்குள் கொஞ்சம் குரோமியமோ வனேடியமோ கலந்தால்தான் அந்த ஆழ்ந்த பச்சை வரும். இரும்பால் மட்டும் லேசாகப் பச்சை ஏறிய கல்லும் பெரில்தான், ஆனால் பரிசோதனைக்கூடம் அதை மரகதம் என்று எழுதாது. "பச்சை பெரில்" என்றுதான் எழுதும். விலையில் இரண்டும் எட்டாத தூரம்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காங்கேயம் அருகே படியூர் வட்டாரத்தில் கிடைப்பதும் பெரில்தான். ஆனால் அது நீல வகை, அக்குவாமரைன். அழகான கல், பேர்பெற்ற கல். அதில் கொஞ்சம் பச்சை சாயல் அடித்தால் "நம்ம ஊர் மரகதம்" என்று விற்க வருவார்கள். அது மரகதம் இல்லை.

பெயரை வைத்து நடக்கும் ஏமாற்று இன்னும் உண்டு. "ஆப்பிரிக்கன் எமரால்ட்" என்ற பெயரில் பச்சை ஃபுளோரைட் விற்கப்படும். "இந்தியன் எமரால்ட்" என்றால் பல இடங்களில் விரிசல் விழவைத்துச் சாயம் ஏற்றிய குவார்ட்ஸ். "பிரேசிலியன் எமரால்ட்" என்று பச்சை டூர்மலின் வரும். "ஈவ்னிங் எமரால்ட்" என்பது பெரிடாட். "ஹைட்ரோ" என்று சொன்னால் பெரும்பாலும் கண்ணாடி. எமரால்ட் என்ற சொல்லுக்கு முன்னால் ஏதாவது அடைமொழி வந்தால், "பரிசோதனைச் சான்றிதழில் இயற்கை மரகதம் என்று வருமா?" என்று மட்டும் கேளுங்கள். பதில் இழுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

சரி, ஆய்வகத்தில் வளர்த்த மரகதம்? அது கண்ணாடி இல்லை, வேதியியல்படி உண்மையான மரகதம்தான். ஆய்வகக் கல் என்று சொல்லி, அதற்குரிய குறைந்த விலைக்கு விற்றால் வாங்குவதில் தவறே இல்லை. இயற்கைக் கல் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

2. ஊர்ப் பெயருக்கு எவ்வளவு மதிப்பு

மரகதம் கிடைக்கும் இடங்கள் பல. கொலம்பியாவில் மூசோ, சிவோர், கோஸ்குவெஸ். ஜாம்பியாவில் கஃபுபு பகுதி. அங்கே காகெம் பெரிய சுரங்கம். பிரேசிலில் மினாஸ் ஜெராய்ஸ், பாஹியா மாநிலங்கள். ஆப்கானிஸ்தானில் பஞ்ச்ஷீர் பள்ளத்தாக்கு, பாகிஸ்தானில் ஸ்வாத், எத்தியோப்பியாவில் ஷாகிஸோ, ரஷ்யாவில் உரால் மலை. இந்தியாவிலும் உண்டு: ராஜஸ்தானில் அஜ்மீர் பக்கத்திலிருந்து உதய்ப்பூர் நோக்கிப் போகும் பாறைப் பட்டையிலும், ஜார்க்கண்டில் குராபந்தாவிலும்.

கொலம்பியக் கல் கரும் களிமண் பாறை நரம்புகளில் விளைகிறது. இரும்பு குறைவு, அதனால் பச்சை கலப்பில்லாமல் இருக்கும். ஜாம்பியா, ராஜஸ்தான், உரால் போன்ற இடங்களில் அது அபிரகப் பாறையில் விளைகிறது. இரும்பு கொஞ்சம் சேரும், பச்சையில் நீலச் சாயல் தட்டும். ஒரே தரத்தில் இரண்டு கல்லை வைத்தால் கொலம்பியக் கல்லுக்குத்தான் சந்தையில் விலை அதிகம். விற்பவர்கள் அந்தப் பெயரை இவ்வளவு விரும்புவது இதனால்தான்.

ஆனால் கண்ணால் பார்த்து நாட்டைச் சொல்ல முடியாது. கொலம்பியக் கல்லுக்குள் உப்புநீர், வாயுக் குமிழி, ஒரு குட்டி உப்புப் படிகம் மூன்றும் ஒரே குழியில் இருக்கும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பஞ்ச்ஷீர் கல்லிலும் அப்படி இருக்கும். பரிசோதனைக்கூடங்களே வேதிக்கூறுகளை அளந்துதான் நாட்டை எழுதுகின்றன, அதையும் "எங்கள் கருத்து" என்றுதான் எழுதுகின்றன. ஆகவே சான்றிதழில் நாடு எழுதப்படாத கல்லுக்கு நாட்டின் பெயரைச் சொல்லி ஒரு ரூபாய்கூட அதிகம் கேட்கக் கூடாது, நீங்களும் கொடுக்கக் கூடாது.

இரத்தினபுரிக்குப் போகிறவர்களுக்கும் ஒன்று. இலங்கை நீலக்கல்லுக்குப் பெயர்போன நாடு. மரகதத்துக்கு அல்ல. "சிலோன் மரகதம்" என்று யாராவது கையில் வைத்தால் அது பச்சை டூர்மலினாகவோ பச்சை சிர்கானாகவோ இருக்கலாம், கண்ணாடியாகவும் இருக்கலாம்.

என்னைக் கேட்டால், முதல் கல்லுக்கு ஜாம்பியாவே போதும். அதே காசுக்கு விரிசல் குறைந்த கல் கிடைக்கும்.

3. எண்ணெய்: முதல் கேள்வியே இதுதான்

விரிசலே இல்லாத மரகதம் அபூர்வம். மண்ணுக்குள் வளரும்போதே அதில் இழை இழையாகப் பிளவுகள் விழுந்துவிடும். அந்தப் பிளவில் எண்ணெய் புகுந்தால் ஒளி சிதறாது, பிளவு கண்ணுக்கு மறையும். இதற்காகத் தேவதாரு எண்ணெய் ஊற்றுவது உலகம் முழுக்க வழக்கம். மரகதத்துக்கு எண்ணெய் ஊற்றுவது மோசடி இல்லை. மறைப்பதும், சாயம் கலப்பதும்தான் மோசடி.

என்ன ஊற்றியிருக்கிறது என்பதில் மூன்று வகை:

நிறமில்லாத எண்ணெய் ஏற்கப்பட்டது. சில வருடங்களில் காயும், மறுபடி ஊற்றலாம்.

பிசின். ஆப்டிகான் என்ற பெயர் காதில் விழும். இது எண்ணெயைவிட நாள்பட நிற்கும், ஆனால் சில பிசின்கள் காலப்போக்கில் மஞ்சளிக்கும், வெளுக்கும்; எடுப்பதும் சிரமம். பிசின் ஏற்றிய கல்லுக்கு விலை குறைய வேண்டும்.

பச்சைச் சாயம் கலந்த எண்ணெய். ஜெய்ப்பூர் வியாபாரத்தில் இதை ஜோபன் என்பார்கள். எங்களுக்கு வாய்த்தது இதுதான். வெளிறிய கல்லை இது ஆழ்ந்த பச்சையாகக் காட்டும். இதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

அளவைச் சான்றிதழ் சொல்லும். வாசகங்கள் கூடத்துக்குக் கூடம் கொஞ்சம் மாறும். பொதுவாக எண்ணெயே இல்லை, மைனர் (குறைவு), மாடரேட் (நடுத்தரம்), சிக்னிஃபிகன்ட் என்று நாலு படி. சில கூடங்கள் மைனருக்கு முன்னால் "இன்சிக்னிஃபிகன்ட்" என்று ஒரு படி வைத்திருக்கின்றன. இங்கே கவனம் தேவை. இன்சிக்னிஃபிகன்ட் என்றால் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு. சிக்னிஃபிகன்ட் என்றால் எக்கச்சக்கம். முதல் இரண்டெழுத்தில் பொருள் தலைகீழாகிறது. கடையில் விரலால் ஒரு பகுதியை மறைத்துக்கொண்டு காட்டினால் தெரியாது. தாளைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் முழுச் சொல்லையும் படியுங்கள்.

தினமும் போடும் மோதிரத்துக்கு மைனருக்கு மேல் போக வேண்டாம். காதணி, பதக்கம் என்றால் மாடரேட் தாங்கும், விலையில் அது தெரிய வேண்டும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு கல்லில் ஒன்று மைனர், இன்னொன்று சிக்னிஃபிகன்ட் என்றால் விலை பல மடங்கு வேறுபடலாம். நான் முதலில் கொடுத்த 46,000, மைனர் விலை. வாங்கியது அதன் பக்கத்தில் வைக்க முடியாத கல்.

4. எடைக் கணக்கு

ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். ஒரு கிராமுக்கு 5 காரட். ஒரு காரட்டுக்கு 100 சென்ட். இதுவரை குழப்பமில்லை.

ரத்தி வந்தால்தான் குழப்பம். ராசிக்கல் விற்கும் இடங்களில் ஒரு ரத்தி ஏறக்குறைய 182 மில்லிகிராம், அதாவது 0.91 காரட். பொற்கொல்லர் ரத்தியோ 121 மில்லிகிராம்தான். ஜோதிடர் "அஞ்சு ரத்தி போடுங்க" என்றால் எந்த ரத்தி என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் கணக்கில் அது 4.55 காரட், இரண்டாவதில் 3 காரட் சொச்சம். மரகதத்தில் எடை கூடக்கூட ஒரு காரட்டின் விலையும் ஏறும் என்பதால், இந்த ஒன்றரை காரட் வித்தியாசம் சில கடைகளில் உங்கள் பட்ஜெட்டையே விழுங்கிவிடும்.

எடை ரத்தியில், விலை காரட்டுக்கு என்று கலந்து சொல்வதும் நடக்கும். மொத்தத்தையும் காரட்டில் போடச் சொல்லுங்கள். காரட், கேரட் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம்: கல்லுக்குச் சொல்வது எடை, தங்கத்துக்கு 22 என்று சொல்வது தூய்மை.

5. கடையில் கல்லைப் பார்ப்பது

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்கு நல்லதே கிடைக்கும். கையில் லென்ஸோடு உட்காருபவரிடம் பேச்சே மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

காலை பத்து மணியிலிருந்து மூன்று மணிக்குள் போங்கள். கல்லை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்க்க வேண்டும். கடைக்குள் விளக்குகள் கல்லுக்குச் சாதகமாகத்தான் பொருத்தப்பட்டிருக்கும். கல் வைக்கும் தட்டும் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் வெள்ளைத் தாள் கேட்டு அதன்மேல் வையுங்கள்.

அச்சடித்த தாள்மேல் கல்லை முகம் மேலாக வைத்துப் பாருங்கள். நடுவில் எழுத்துப் படிக்க முடிந்தால் அடிப்பாகம் தட்டையாக வெட்டப்பட்டிருக்கிறது. ஒளி திரும்பி வராமல் ஒழுகிவிடும். அப்புறம் ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுப் பக்கவாட்டில் பாருங்கள். மேலும் கீழும் நிறமில்லாமல் நடுவில் மட்டும் ஒரு பச்சைக் கோடு தெரிந்தால், இரண்டு துண்டை ஒட்டிய கல் அது.

லென்ஸில் உருண்டை உருண்டையாகக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. ஒரு தூசி துரும்புகூட இல்லாமல் பளிங்குபோல இருந்து, விலையும் மலிவு என்றால் கட்டாயம் சந்தேகப்படுங்கள். உள்ளே பாசி படர்ந்தது போன்ற இழைகள் இருப்பது குறை இல்லை; மரகதத்தில் அது இயல்பு. பார்க்க வேண்டியது மேற்பரப்பை எட்டும் விரிசல். அது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகிறது என்றால் அந்தக் கல் மோதிரத்துக்கு ஆகாது. மரகதத்தின் கடினம் 7.5 முதல் 8 வரை என்றாலும், விரிசலால் ஒரு தட்டுக்கே பிளந்துவிடும்.

சிலர் செல்சி ஃபில்டர் என்ற கண்ணாடி வழியே காட்டி, "பாருங்க, சிவப்பாத் தெரியுது, அசல்" என்பார்கள். ஆய்வகத்தில் வளர்த்த கல்லும் அதில் சிவப்பாகத் தெரியும், அசலான ஜாம்பியக் கல் தெரியாமலும் போகும். அதை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஏற்கெனவே நகையில் பதித்து, பின்பக்கம் மூடிய கல்லை வாங்கவே வாங்காதீர்கள். பின்னால் பச்சைத் தகடோ சாயமோ இருந்தால் கண்டுபிடிக்க வழியில்லை, எடையும் போட முடியாது. உதிரிக் கல்லாக வாங்கிப் பிறகு பதிப்பதுதான் பாதுகாப்பு.

6. ஊரிலா, ஜெய்ப்பூரிலா

உலகத்து மரகதத்தில் பெரும்பங்கு ஜெய்ப்பூரில்தான் பட்டை தீட்டப்படுகிறது. ஜாம்பியாவில் தோண்டியது ஜோஹரி பஜாரில் வந்து விழும். அங்கே கோபால்ஜி கா ராஸ்தா என்ற சந்து முழுக்கக் கல் வியாபாரம்தான். ஒரே நாளில் ஐம்பது கல்லைப் பார்க்கலாம், கண் பழகிவிடும். நான் என் இரண்டாவது கல்லை அங்கேதான் வாங்கினேன்.

ஆனால் ஒரே ஒரு கல்லுக்காகக் கிளம்புவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. போகவர டிக்கெட், மூன்று இரவுத் தங்கல், சாப்பாடு எல்லாம் கூட்டினால் எனக்கு 19,000 ரூபாய் ஆனது. ஒரு லட்சத்துக்கு மேல் வாங்குவதாக இருந்தால், அல்லது வேறு வேலையாக அந்தப் பக்கம் போனால் யோசியுங்கள். இல்லையென்றால் உங்கள் ஊரிலேயே, சான்றிதழோடு விற்கும் கடை போதும்.

போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையையும் தீபாவளி வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஆட்டோக்காரர் கூட்டிப்போகும் கடைக்குள் நுழையாதீர்கள். அவர் தரகும் உங்கள் விலையில்தான் ஏறும். தெருவில் தலால்கள், அதாவது தரகர்கள், சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து விரித்துக் காட்டுவார்கள். அங்கே வியாபாரிகளுக்குள் அது இயல்பான வழக்கம், நம்மைப்போலப் புதியவர்களுக்கு ஆபத்து. "இந்தக் கல்லை வெளிநாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தால் இரட்டிப்பு லாபம்" என்று நட்பாகப் பேசி வருகிறவர்கள் பழைய மோசடிக் கூட்டம். நின்று பதில் சொல்லவும் வேண்டாம்.

வெளிநாட்டில் வாங்கினால் பில், சான்றிதழ் இரண்டையும் கைப்பையில் வைத்துக்கொண்டு, இறங்கியதும் சிவப்பு வழியில் சென்று சுங்கத்தில் சொல்லிவிடுங்கள்.

7. பில்லில் என்னென்ன இருக்க வேண்டும்

எங்களைக் கவிழ்த்தது பில். அதனால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பின்வரும் அத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும்:

- "இயற்கை மரகதம்" என்ற சொல். பச்சைக்கல், ஜி.ஸ்டோன், கலர் ஸ்டோன் எதுவும் கூடாது.
- எடை, காரட்டில் இரண்டு தசம இலக்கத்தோடு. நீளம், அகலம், உயரம் மில்லிமீட்டரில்.
- எண்ணெய் அல்லது பிசின் எந்த அளவு என்பது.
- காரட்டுக்கு என்ன விலை, மொத்தம் எவ்வளவு, கடையின் ஜி.எஸ்.டி. எண்.
- "பரிசோதனை முடிவு மேற்கண்டதற்கு மாறாக இருந்தால் 15 நாளுக்குள் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்ற வாசகம், கையெழுத்து, முத்திரையுடன்.

கடைசி வரியை எழுத மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். நான் ஊரில் மூன்று கடையில் கேட்டேன். இரண்டு கடையில் மறுத்தார்கள், மூன்றாவது கடையில் பெரியவர் ஒருவர் தானே பேனா எடுத்து எழுதினார்.

ஜெய்ப்பூரில் இதற்கு ஜாங்கட் என்று ஒரு முறை உண்டு. பணம் முழுதாகக் கைமாறாமல், கல்லை ஒப்புதலுக்காகத் தருவதற்கான சீட்டு. அறிமுகம் இருந்தால் கேளுங்கள். அறிமுகம் இல்லாதவருக்குக் கிடைப்பது கஷ்டம். எனக்குப் பாதிப் பணம் முன்பணமாக வைத்தபின் தந்தார்கள்.

பணத்தை வங்கி வழியாகவோ கார்டிலோ யு.பி.ஐ.யிலோ கொடுங்கள். 2 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ஒரே வியாபாரத்தில் ரொக்கமாக வாங்கக் கடைக்காரருக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. 2 லட்சத்தைத் தாண்டினால் பான் எண் கேட்பார்கள், கையில் வைத்திருங்கள்.

8. பரிசோதனைக்கூடம்: செலவும் நாளும்

கடைக்காரரே ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கல்லோடு சேர்த்துத் தருவார். அந்த அட்டையை அச்சடித்தது யார் என்று பாருங்கள். கடையின் சொந்தப் பெயரிலோ, கேள்விப்படாத பெயரிலோ இருந்தால் அது காகிதம்தான், சான்று இல்லை.

ஜெய்ப்பூரில் ரத்தின, நகை ஏற்றுமதி மேம்பாட்டுக் கவுன்சில் நடத்தும் கூடம் இருக்கிறது. பழைய வியாபாரிகள் ஜி.டி.எல். என்று சொல்வார்கள். மும்பையில் ஜி.ஐ.ஐ., ஜி.ஐ.ஏ. உண்டு. கொடுக்கும் முன் தொலைபேசியில் மூன்று கேள்வி: மரகதத்தில் எண்ணெயின் அளவை எழுதுவீர்களா? நாட்டை எழுத எவ்வளவு கூடுதல்? எத்தனை வேலைநாள்?

எனக்கு நாடு இல்லாமல், வகையும் எண்ணெய் அளவும் மட்டும் எழுத 2,400 ரூபாய் ஆனது. கையில் கிடைக்க 9 நாள். பெரிய விலைக் கல் இல்லையென்றால் நாட்டுக்குத் தனிக்கட்டணம் கட்டுவது வீண் என்பது என் எண்ணம். இந்தச் செலவை யார் ஏற்பது என்பதை முன்பே பேசுங்கள். கல் சொன்னபடி இருந்தால் நான் தருகிறேன், மாறினால் நீங்கள் தர வேண்டும் என்று பேசினேன், ஒத்துக்கொண்டார்கள்.

சான்றிதழ் வந்ததும் அதிலுள்ள எண்ணைக் கூடத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபாருங்கள். அடுத்து கல்லைச் சரிபாருங்கள். சான்றிதழ் உண்மை, கல் வேறு என்பதும் நடக்கிறது. எடையை இரண்டாவது தசம இலக்கம் வரை போட்டுப் பார்க்க வேண்டும். 2.34 என்று எழுதியிருந்து தராசில் 2.31 வந்தால் அது வேறு கல். புகைப்படத்தில் தெரியும் இழைகளையும் லென்ஸில் ஒப்பிடுங்கள்.

9. பதிப்பதற்கு முன்

முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்பே கல் வேலையைத் தொடங்கிவிடுங்கள். என் கணக்கு: கல் தேட இரண்டு வாரம், பரிசோதனைக்கு இரண்டு வாரம், நகை செய்ய இரண்டு வாரம், ஏதாவது இழுத்தால் ஈடுகட்ட இரண்டு வாரம். கடைசி வாரத்தில் வாங்குகிறவரிடம்தான் "சான்றிதழ் அப்புறம் தர்றோம்" என்ற பேச்சு எடுபடும்.

பத்தரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள். கல் மரகதம், நெருப்புப் பக்கம் போகக் கூடாது. தங்க வேலை முழுக்க முடிந்தபின் கடைசியில்தான் கல்லைப் பதிக்க வேண்டும். சுற்றிலும் விளிம்பு கட்டிப் பதியுங்கள், நாலு நகக் கொக்கி மட்டும் வேண்டாம், மூலைகள் உடையும். பின்பக்கம் திறந்திருக்கட்டும். கல்லை ஒப்படைக்கும்போது எடையும் சான்றிதழ் எண்ணும் எழுதிய சீட்டில் கையெழுத்து வாங்குங்கள், கல்லைக் கிட்டத்தில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நகை பில்லில் தங்கத்தின் நிகர எடை தனி, கல் எடை தனியாக வர வேண்டும். கல்லையும் சேர்த்து எடை போட்டுத் தங்க விலை வாங்குவது இன்றும் நடக்கிறது. மொத்த நகை மதிப்பில் ஜி.எஸ்.டி. 3 சதவீதம். ஹால்மார்க்கின் ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீட்டை பி.ஐ.எஸ். கேர் செயலியில் பாருங்கள். ஆனால் அது தங்கத்தின் தூய்மைக்கு மட்டும்தான். "ஹால்மார்க் போட்ட நகை, கல்லும் அசல்தான்" என்று சொன்னால் நம்பாதீர்கள். பழைய நகையாகக் கொடுக்கும்போது கல்லுக்கு என்ன தருவார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள். பெரும்பாலும் எதுவும் தரமாட்டார்கள்.

10. வீட்டுக்கு வந்த பிறகு

அதிர்வு இயந்திரம், நீராவி இரண்டும் கூடவே கூடாது. எந்த நகைக்கடையில் சுத்தம் செய்யக் கொடுத்தாலும் "மரகதம், மெஷின்ல போடாதீங்க" என்று வாயால் சொல்லிவிட்டு, அருகில் நில்லுங்கள். வீட்டில் பூந்திக்கொட்டையைக் கொதிநீரில் ஊறவைத்து நகை தேய்ப்பது நம் பழக்கம். இந்த மோதிரத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். வெதுவெதுப்பான நீர், மென்மையான சோப்பு, விரல் நுனி போதும். நகப்பூச்சு நீக்கும் திரவம், சானிடைசர், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாம் எண்ணெயைக் கரைக்கும்.

மோதிர அளவைக் கூட்டக் குறைக்கக் கொடுத்தால், கல்லைக் கழற்றிய பிறகுதான் வேலை தொடங்க வேண்டும். பாத்ரூமிலும் அடுப்படியிலும் கழற்றி வைத்துவிடுங்கள். சில வருடம் கழித்துக் கல் மங்கினால் பயப்பட வேண்டாம், எண்ணெய் காய்ந்திருக்கும். நிறமில்லாத எண்ணெயை மறுபடி ஊற்றித் தருவார்கள். வீட்டில் தேங்காய் எண்ணெயில் ஊறப்போடாதீர்கள்.

11. ஏமாந்துவிட்டால்

முதலில் கல்லை அப்படியே வையுங்கள், மேலும் சுத்தம் செய்யவோ கழற்றவோ வேண்டாம். பரிசோதனைக்கூடத்தில் சான்றிதழ் வாங்குங்கள். கடைக்கு எழுத்தில், ஸ்பீட் போஸ்டில், பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் அனுப்புங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவு செய்தாலே சில கடைகள் பேச்சுக்கு வந்துவிடும்.

வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வழக்குக்கான காரணம் எழுந்த தேதியிலிருந்து 2 வருடத்துக்குள் போக வேண்டும். 50 லட்ச ரூபாய் வரை வாங்கியதற்கு மாவட்ட ஆணையமே போதும், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. ஜெய்ப்பூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை.

தேவைப்படும் தாள்கள்: பில், பணம் செலுத்திய வங்கி விவரம், பரிசோதனைச் சான்றிதழ், கடிதத்தின் நகல், அஞ்சல் ரசீது, வாட்ஸ்அப்பில் கடைக்காரர் அனுப்பிய செய்திகளும் படங்களும். என் விஷயத்தில் "பச்சைக்கல் – 1" என்ற பில்லை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். கடையிலிருந்து ஒரு படமாவது, "2.10 காரட் மரகதம்" என்று ஒரு வரியாவது வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்திருந்தால் கதை வேறு என்றார். அதனால் பேரம் பேசும்போதே விலை, எடை, கல்லின் பெயர் மூன்றையும் ஒரு செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். கடையில் உட்கார்ந்திருக்கும்போதே அனுப்பச் சொல்லுங்கள், அதைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.